எளிதும் அரிதும்: நிரூபணம் பெறாத ஒரு நம்பிக்கை

தோற்றுவாய்

'அருமை' என்னும் சொல்லுக்குச் சிறப்பு என்னும் பொருளே இன்று பெருவழக்காயுளது. எனினும், 'அரிது' என்பதனோடு உறவுடைய அச்சொல், செய்தற்கு எளிதன்மையையும் உணர்த்துவதாகும். எளிது, அரிது என்னும் இவ்விரு சொற்களையும் நாம் நாள்தோறும் ஆராயாது வழங்குகின்றோம். ஒரு செயல் எனக்கு அரிதாயிருத்தல் வேறு. இதுவரை முயன்றோர் யாவர்க்கும் அரிதாயிருத்தல் வேறு. எவர்க்கும் எக்காலத்தும் அரிதாகவே இருத்தல் வேறு. முதலாவது என் அறியாமையைக் காட்டும். இரண்டாவது உலகத்தாரின் அனுபவத்தைக் காட்டும். மூன்றாவது ஒன்றே, நிரூபணம் பெறுமாயின், உண்மை என்னும் பெயர்க்கு முற்றும் உரியது. இம்மூன்றையும் வேறு பிரித்தறியாமையால் விளையும் மயக்கங்கள் பல.

கணிப்பொறி நூலில் இவ்வேறுபாடு பெரும் பயனுடையது. பாங்கியிலுள்ள பணத்தைக் கைப்பேசி வழியாகப் பிறர்க்கு அனுப்புகின்றோம். மருத்துவர் தரும் அறிக்கையையும், நண்பர் எழுதும் அந்தரங்கக் கடிதத்தையும் அவ்வழியே பெறுகின்றோம். இவையெல்லாம் இடைவழியிற் பிறர் படித்தறியாவண்ணம் மறையெழுத்தாக்கப்பெற்றுச் செல்கின்றன. அம்மறைப்பைக் காக்கும் பூட்டு இரும்பால் ஆயதன்று. குறித்த சில கணக்குகள் விடுவித்தற்கு அரியன என்னும் நம்பிக்கையால் ஆயது. அந்நம்பிக்கையோ இன்றளவும் நிரூபிக்கப்படவில்லை. இவ்வுண்மையை விளக்குதலும், நிரூபணமின்றியும் அறிஞர் அதனை எங்ஙனம் ஆள்கின்றனர் என்பதைக் கூறுதலுமே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கணித நூலில் யாது வேலை என வினவுவாரும் உளராவர். ஒரு சொல்லின் பொருளை எல்லை கட்டி வரையறுத்தல் எமக்கும் உரிய தொழிலே என அவர்க்கு விடை கூறி மேற்செல்வேன். குறை காணின், கணிதம் வல்லார் பொறுத்தருள்க.

பெருக்கலும் பிரித்தலும்

89,681 என்னும் எண்ணையும் 96,079 என்னும் எண்ணையும் பெருக்குக எனின், பள்ளிச் சிறுவனும் சில நிமிடங்களிற் பெருக்கி 8,61,64,60,799 என விடை பகர்வான். இனி, இவ்விடையை மட்டும் ஒருவன் கையிற் கொடுத்து, 'எவ்விரு எண்களின் பெருக்கம் இது?' என வினவுக. மேற்கூறிய இரண்டும் பகா எண்கள் ஆகலின், வேறு விடை இல்லை. 2, 3, 5, 7 எனப் பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துப் பார்ப்பானாயின், எட்டாயிரத்திற்கு மேற்பட்ட வகுத்தல்களைச் செய்த பின்னரே அவன் 89,681-ஐ எய்துவான். போகும் வழி எளிது. மீளும் வழி அரிது.

எட்டாயிரம் வகுத்தல்கள் மனிதனுக்கு அரியன. பொறிக்கோ ஒரு நொடியும் வேண்டா. ஆகலின், ஒரு கணக்கிற்குச் செல்லும் காலத்தை மட்டும் கொண்டு அதனை எளிதென்றும் அரிதென்றும் வகுத்தல் பொருந்தாது. எண் வளர வளர, உழைப்பு எவ்வாறு வளர்கின்றது என்பதையே கணிப்பொறி நூலார் அளவுகோலாகக் கொள்வர். பள்ளியிற் பயின்ற முறையிற் பெருக்குங்கால், இலக்கங்கள் இருமடங்காயின் உழைப்பு நான்மடங்காகும். வகுத்துப் பார்க்கும் முறையிலோ, பெருக்கத்தில் இரண்டே இலக்கங்கள் கூடினும் உழைப்பு ஏறக்குறைய பத்து மடங்காகும். முன்னதன் வளர்ச்சி படிப்படியாய் ஏறுவது. பின்னதன் வளர்ச்சி காட்டுத்தீப் போன்றது. இந்நாளிற் பூட்டாக வழங்கும் எண்கள் பெரும்பாலும் 617 இலக்கங்கள் உடையன. அத்தகைய எண்ணை வகுத்துப் பார்த்தே பிரிக்கப் புகின், உலகிலுள்ள பொறிகள் அனைத்தும் கூடி யுகக்கணக்கில் உழைத்தாலும் முடியாது.

ஈண்டு ஒரு நுட்பத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். வகுத்துப் பார்க்கும் முறை அரிது என்பது மெய்யே. அம்முறை அரிது என்பதனால் அக்கணக்கே அரிது என்பது பெறப்படுமோ? பெறப்படாது. ஒரு வழி முட்கள் நிறைந்ததாயின், அவ்வூர்க்கு வேறு நல்வழியே இல்லை என்று துணிதல் கூடுமோ?

ஜெவன்ஸின் எண்

மேலே காட்டிய பத்திலக்க எண் யாம் புனைந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பொருளாதாரத்திலும் அளவை நூலிலும் புகழ்பெற்ற ஆங்கிலேயராகிய வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், 1874-ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தின் கோட்பாடுகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். நேர்வழி எளிதாயும் மீள்வழி அரிதாயும் உள்ள செயல்களுக்கு உதாரணமாக அவ்வெண்ணை அதிற் காட்டி, அதன் காரணிகளைத் தம்மையன்றிப் பிறர் எவரும் அறிதல் ஐயமே என்னும் கருத்துப்பட எழுதினார். இந்நாளைய பூட்டுகளுக்கெல்லாம் அடிப்படையாகிய கருத்தை நூறாண்டுகளுக்கு முன்னரே அவர் கண்டிருந்தமை வியக்கத்தக்கது. ஆயினும், அவர் கூற்று நெடுங்காலம் நிற்கவில்லை. அடுத்த முப்பதாண்டுகளுக்குள்ளாகவே அவ்வெண் பிரிக்கப்பட்டது. டி. என். லேமர் என்னும் அமெரிக்கக் கணிதர் 1903-ஆம் ஆண்டில் அதனைப் பிரித்துக் காட்டினார்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணிதராகிய பெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு முறையை வகுத்திருந்தார். இரண்டு எண்களின் பெருக்கம் என்பது, அவற்றின் சராசரியின் வர்க்கத்தினின்றும், அவற்றின் வேறுபாட்டிற் பாதியின் வர்க்கத்தைக் கழித்ததற்குச் சமம். ஆகலின், காரணிகளைத் தேடுவதற்கு மாறாக அச்சராசரியைத் தேடலாம். ஜெவன்ஸின் எண்ணைவிடப் பெரிய வர்க்கங்களுள் மிகச் சிறியது 92,825-இன் வர்க்கமாகும். அதிலிருந்து தொடங்கி, 92,826, 92,827 என ஒவ்வொன்றின் வர்க்கத்தினின்றும் ஜெவன்ஸின் எண்ணைக் கழித்து, எஞ்சியது ஒரு வர்க்கமா எனப் பார்த்துச் செல்க. ஐம்பத்தாறாம் முயற்சியில் 92,880-ஐ அடைவோம். அதன் வர்க்கத்தினின்றும் கழிக்க எஞ்சுவது 1,02,33,601. இது 3,199-இன் வர்க்கம். இனி 92,880-உடன் 3,199-ஐக் கூட்டினால் 96,079, கழித்தால் 89,681. முடிந்தது கணக்கு. எட்டாயிரம் வகுத்தல்கள் எங்கே, ஐம்பத்தாறு முயற்சிகள் எங்கே!

ஜெவன்ஸ் தேர்ந்த இரு எண்களும் ஒன்றற்கொன்று அண்மையில் இருந்தமையே இம்முறை இத்துணை விரைவிற் பலித்தமைக்குக் காரணம். அவை தொலைவில் இருந்திருப்பின் இது பயன்படாது. இதனையறிந்தே இக்காலப் பூட்டுச் செய்வோர் அண்மையிலுள்ள பகா எண்களை விலக்குகின்றனர். ஜெவன்ஸ் பேரறிஞர்; அவர் மதியில் குறையில்லை. ஆயினும், அவர் பூட்டிய பூட்டின் திறவுகோல், அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறாண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்டுக் கணித ஏடுகளுள் இருந்தது. தமக்கு அரிதாயிருந்ததை எவர்க்கும் அரிதென அவர் கொண்டார். அதுவே பிழை.

கோலின் கரும்பலகை

இரண்டு என்னும் எண்ணை அறுபத்தேழு முறை எழுதிப் பெருக்கி, வந்ததில் ஒன்று குறைத்தால் 21 இலக்கங்கள் உடைய ஓரெண் கிடைக்கும். அது பகா எண் என மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644-ஆம் ஆண்டில் எழுதினார். 1876-ஆம் ஆண்டில் லூக்கா என்பார் அது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால், அதன் காரணிகள் எவையென அவராலும் கூற இயலவில்லை. பெட்டியினுள் பொருள் உண்டென்பது தெளிவு. பொருள் யாதென்பது தெரியாது.

1903-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்பார் எழுந்து, வாய் திறவாமலே கரும்பலகையில் அவ்வெண்ணைக் கணித்து எழுதி, மறுபுறத்தில் 19,37,07,721 என்பதையும் 76,18,38,25,72,87 என்னும் இலக்கங்களாலாய பன்னிரண்டு இலக்க எண்ணையும் பெருக்கிக் காட்டி, இரண்டும் ஒன்றாதலைக் கண்ட அவையோர் கைகொட்ட, ஒரு சொல்லும் கூறாது அமர்ந்தார் என்பர். இதற்கு எத்துணைக் காலம் சென்றது எனப் பின்னர் வினவியவர்க்கு, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என விடையிறுத்தார் எனவும் ஒரு செய்தி வழங்குகின்றது. ஓய்வு நாளை அவர் கழித்த வகையைப் போதகர்கள் ஒப்புவரோ, அறியேன். தேடுதற்கு மூன்றாண்டு, சரிபார்த்தற்குச் சில நிமிடம். கணிப்பொறி நூலின் தலையாய வினா முழுவதும் அக்கரும்பலகையில் அடங்கிவிட்டது.

ஓரெண் பகா எண்ணா அன்றா என்று அறிதலும், அதன் காரணிகளைக் காண்டலும் வெவ்வேறு என்பதற்கு நம் நாட்டாரே சிறந்ததொரு சான்று அளித்துளர். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கான்பூர் ஐ. ஐ. டி.யைச் சேர்ந்த பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் அவர்தம் மாணாக்கர் இருவரும், பகா எண்ணை அறிதற்கு ஐயத்திற்கு இடமில்லாததும், மேற்கூறிய அளவுகோலின்படி எளிதானதுமான முறை உண்டு என நிரூபித்தனர். அம்மாணாக்கர் இருவரும் தம் முதற்பட்டம் பெற்ற ஆண்டு அது. எளிய முறை உண்டோ இல்லையோ என நெடுங்காலம் ஐயுற்றிருந்த ஒரு கணக்கு, ஒரே கட்டுரையால் எளிதாயிற்று. காரணிகளைக் காணும் கணக்கோ இன்றும் அவ்வாறு எளிதாகவில்லை. நாளை ஆகாது என உறுதி கூறுவார் யார்?

பூட்டின் தோற்றம்

1976-ஆம் ஆண்டில் டிபி, ஹெல்மன் என்னும் இருவர், முன்பின் சந்தியாத இருவர் வெளிப்படையாகவே பேசித் தமக்குள் ஒரு மறைபொருளை உடன்படுத்திக்கொள்ளலாம் எனக் காட்டினர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர், தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர். எஸ். ஏ. என வழங்கும் பூட்டைச் செய்தனர். இரு பெரும் பகா எண்களின் பெருக்கத்தை உலகறிய வெளியிடலாம். அதனைக்கொண்டு எவரும் பூட்டலாம். காரணிகளை அறிந்தவனே திறக்கலாம் என்பது அதன் சாரம்.

1977-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க மாத வெளியீடு ஒன்றில் மார்ட்டின் கார்ட்னர் இப்பூட்டை விளக்கி எழுதினார். 129 இலக்க எண் ஒன்றாற் பூட்டிய மறைமொழி ஒன்று அதில் வெளியிடப்பெற்றது. திறப்பார்க்கு 100 டாலர் பரிசு. அதனைப் பிரிக்க 4-ஐ அடுத்துப் பதினாறு சுழியங்கள் இட்டுவரும் அத்துணை ஆண்டுகள் செல்லும் எனவும் மதிப்பிடப்பட்டது. ஆனால், 1994-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. அறுநூற்றுவர் அளவினராகிய தன்னார்வத் தொண்டர்கள் தத்தம் பொறிகளை ஒன்றுபடுத்தி, ஏறத்தாழ எட்டு மாதங்களில் முடித்தனர். பொறிகளின் விரைவு மட்டும் இதற்குக் காரணமன்று. 1977-இல் இல்லாத புதிய முறைகள் இடைக்காலத்திற் கண்டுபிடிக்கப்பட்டமையே தலைமைக் காரணம். அன்றைய மதிப்பீடு பிழையன்று. அன்று அறிந்த முறைகளுக்கு மட்டும் உரிய மதிப்பீடு அது.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று பிரிக்கப்பட்டது. பொறியின் ஒரே கணிப்பகுதி தனித்து உழைப்பின் அதற்கு ஏறக்குறைய 2,700 ஆண்டுகள் சென்றிருக்கும். 617 இலக்க எண்கள் இன்றைய பொறிகளுக்கும் முறைகளுக்கும் அப்பாற்பட்டனவே.

பெரிய வினாவும் சிறிய பூட்டும்

விடையைச் சரிபார்த்தல் எளிதாயின், விடையைக் காண்டலும் எளிதோ? இவ்வினாவை 1971-ஆம் ஆண்டில் ஸ்டீபன் குக் என்பார் தெளிவுற வகுத்தார். சோவியத் நாட்டில் லெவின் என்பாரும் தனித்து இதனைக் கண்டு 1973-இல் வெளியிட்டார். 1972-இல் ரிச்சர்டு கார்ப் என்பார் 21 கணக்குகளைத் தொகுத்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று எளிதாயின், அவை அனைத்தும், அவ்வகைப்பட்ட கணக்குகள் யாவும் எளிதாகும் எனக் காட்டினார். 2000-ஆம் ஆண்டில் கிளே கணித நிலையம் இவ்வினாவிற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அப்பரிசைப் பெறுவார் இன்னும் தோன்றவில்லை. காண்டல் சரிபார்த்தலினும் அரிது என்பதே பெரும்பாலோர் துணிபு. எனினும் அது துணிபேயன்றி நிரூபணம் அன்று.

இவ்வினா நாளையே விடை பெறினும், பூட்டுகளுக்கு அது போதிய காவலாகாது. ஒரு வகைக் கணக்குகளுள் சில அரியன என்பதனால், அவ்வகையில் நாம் எடுக்கும் ஒவ்வொன்றும் அரிது என்பது பெறப்படாதன்றோ? இதனை மெர்க்கில், ஹெல்மன் என்போர் 1978-இல் வெளியிட்ட பூட்டின் வரலாறு காட்டும். கொடுத்த எண்களுள் எவற்றைக் கூட்டினால் குறித்த தொகை வரும் என்னும் கணக்கின்மேல் அவர்கள் அதனை அமைத்தனர். அக்கணக்கு கார்ப்பின் 21-இல் ஒன்றாய் மதிப்புப் பெற்றது. ஆயின், பூட்டு என இருத்தற்கு, உரியவன் எளிதிற் திறக்க ஒரு வழி வேண்டுமன்றோ? ஆதலின், எளிய கணக்கு ஒன்றற்கு அரிய வேடம் புனைந்தே அதனைச் செய்தனர். 1982-இல் ஷமீர் அவ்வேடத்தைக் களைந்தார். அரிய கணக்கு அரியதாகவே நின்றது; பூட்டு மட்டும் உடைந்தது.

மேலும், காரணிகளைக் காணும் கணக்கு கார்ப்பின் கணக்குகளோடு ஒத்த அருமையுடையது எனக் காட்டியவரும் இலர். அது அவற்றினும் எளிதாயிருத்தல் கூடும் என்றே அறிஞர் கருதுகின்றனர்.

அறுபத்திரண்டு நிமிடம்

பழங்கதையை விடுத்து அண்மைக் காலத்திற்கு வருவோம். பீட்டர் ஷோர் என்பார் 1994-ஆம் ஆண்டில், அணுவினும் நுண்ணிய பொருள்களின் இயல்பைக்கொண்டு இயங்கும் குவாண்டம் பொறி அமையுமாயின், காரணிகளைக் காண்டல் எளிதாகிவிடும் என நிரூபித்தார். 2001-இல் அத்தகைய சிறு கருவி ஒன்று 15 என்னும் எண்ணை 3, 5 எனப் பிரித்தது. பெரிய பூட்டுகளைத் திறக்கவல்ல குவாண்டம் பொறி இன்னும் அமையவில்லை. ஆயினும், இன்று செல்லும் மறைமொழிகளைச் சேர்த்துவைத்து, அப்பொறி அமைந்த காலத்துத் திறக்க எண்ணுவார் இருத்தல் கூடுமாதலின், முன்னேற்பாடு வேண்டப்பட்டது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையம் புதிய பூட்டுகளை உலகெங்குமுள்ள அறிஞரிடம் கேட்டுப் பல்லாண்டு சோதித்தது.

அவற்றுள் ஒன்று சைக் என்பது. அதன் மூலக்கருத்து 2011-இல் வெளியானது. நீள்வட்ட வளைவுகள் எனப்படும் கணிதப் பொருள்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் மறைவழியைக் காண்டல் அரிது என்பதே அதன் ஆதாரம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 5-இல் அந்நிலையம் அதனை நான்காம் சுற்றுச் சோதனைக்கு உயர்த்தியது. அம்மாத இறுதியிலேயே, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கஸ்ட்ரிக், டெக்ரூ என்னும் இருவர் அதனைத் திறக்கும் முறையை வெளியிட்டனர். சாதாரணப் பொறியின் ஒரே கணிப்பகுதியில், பூட்டின் முதல் தரம் 62 நிமிடத்தில் திறந்தது. குவாண்டம் பொறியும் வேண்டவில்லை. அவர்கள் கையாண்ட தேற்றம் எர்ன்ஸ்ட் கானி என்பார் 1997-ஆம் ஆண்டில், பூட்டைப் பற்றிய நினைவேயின்றி, தூய கணிதமாக எழுதிய ஒன்றாகும்.

ஜெவன்ஸையும் பெர்மாவையும் ஈண்டு நினைவுகூர்க. இரு காலத்தும் பூட்டுச் செய்தார் பேரறிஞர். இரு காலத்தும் திறவுகோல் முன்னமே செய்யப்பட்டு, நூல்நிலையத்தில் வேறொரு தட்டில் இருந்தது. நல்லோர் பலர் பல்லாண்டு முயன்றும் திறக்கவில்லை என்பது சிறந்த சான்றே. ஆனால் முடிந்த சான்று அன்று.

நிரூபணம் ஏன் கிட்டவில்லை?

ஒரு கணக்கு எளிது என நிறுவ, ஒரு நல்ல முறையைக் காட்டினாற் போதும். அரிது என நிறுவவோ, இதுவரை தோன்றிய முறைகளும், இனித் தோன்றும் முறைகளும், எவர் மனத்தும் தோன்றாத முறைகளும் ஆகிய அனைத்தும் பயன்படா எனக் காட்டல் வேண்டும். ஓர் ஊரிற் கிணறு உண்டு எனக் காட்டல் எளிது. உலகில் எங்கும் இல்லை எனக் காட்டல் எத்துணை அரிது!

இதற்குமேல் ஒரு விந்தையும் உளது. ரஸ்பரோவ், ரூடிச் என்னும் இருவர் 1994-ஆம் ஆண்டில், அருமையை நிறுவ அதுகாறும் கையாண்ட முறைகளை ஆராய்ந்தனர். அவற்றுட் பெரும்பாலன ஒரு பொது இயல்புடையன எனக் கண்டு, பூட்டுகளுக்கு வேண்டும் அருமை உலகில் உண்மையாகவே இருக்குமாயின், அவ்வியல்புடைய நிரூபணங்களால் அப்பெரிய வினாவிற்கு விடை காண்டல் இயலாது எனக் காட்டினர். அருமை உண்டாயின், அவ்வருமையே தன்னை நிரூபிக்கும் வழிகளுள் ஒருசாரனவற்றை அடைத்து நிற்கின்றது.

'ஆயின்' என்னும் சொல்லின் மாண்பு

அங்ஙனமாயின் இக்கலை முழுவதும் வெறும் நம்பிக்கையோ எனின், அன்று. நிரூபணம் முற்றும் பெற்ற பூட்டும் ஒன்று உண்டு. செய்தியின் நீளத்தளவு நீளமுடைய திறவுகோலைக் குறிப்பின்றித் தேர்ந்து, ஒரே முறை மட்டும் பயன்படுத்துவராயின், அதனை எவரும் உடைத்தல் இயலாது என ஷானன் என்பார் 1949-இல் நிறுவினார். ஆனால், அத்துணை நீளமான திறவுகோலை முன்னரே இருவரும் மறைவாகப் பகிர்ந்திருத்தல் வேண்டும். உலகின் அன்றாட வாணிகத்திற்கு அது ஏலாது.

ஏனையவற்றில், அறிஞர் 'ஆயின்' என்னும் சொல்லைத் துணையாகக் கொள்கின்றனர். 1979-இல் ராபின் என்பார் ஒரு பூட்டைச் செய்து, காரணிகளைக் காண்டல் அரிதாயின் இப்பூட்டும் உடைத்தற்கு அரிது என நிரூபித்தார். பூட்டை உடைக்கும் முறை ஒன்று இருப்பின், அதனையே கருவியாகக்கொண்டு காரணிகளையும் கண்டுவிடலாம் என்பது அவர்தம் வாதம். ஆர். எஸ். ஏ. பூட்டிற்கு இத்தகைய நிரூபணம் கிடைத்திலது. காரணிகளைக் காணாமலே அதனைத் திறக்கும் வழி இருத்தலும் கூடும். இரண்டும் ஒரே எண்ணைக்கொண்டு செய்தனவாயினும், ஒன்றன் கருதுகோள் வேறு, மற்றொன்றன் கருதுகோள் வேறு. இவ்வேறுபாட்டை மறையாது எழுதிவைத்தலே இக்கலையின் அறம்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-இல் அந்நிலையம் வெளியிட்ட புதிய தரங்களுள் முதல் இரண்டும் வேறொரு கணக்கின்மேல் நிற்கின்றன. கோலமிடுதற்கு வைத்த புள்ளிகளைப் போல ஒழுங்காய்ப் பரந்த புள்ளிகளை எண்ணுக. ஆனால் அவை தரையில் அல்ல, பல நூறு திசைகளில் பரந்தன. அவற்றின் நடுவே கொடுத்த ஓரிடத்திற்கு மிக அண்மையிலுள்ள புள்ளி யாது? இருதிசைக் கோலத்தில் இது விளையாட்டு. பல நூறு திசைகளிலோ இதற்கு நல்ல முறை எவரும் அறியார். 1996-இல் ஐட்டாய் என்பாரும், 2005-இல் ரெகெவ் என்பாரும், இத்தகைய கணக்குகளில் குறிப்பின்றி எடுத்த ஒன்றை விடுவித்தல் எளிதாயின், அவ்வகையில் மிகக் கடியனவும் எளிதாகும் என்னும் போக்கில் நிரூபணங்கள் தந்தனர். மெர்க்கில் ஹெல்மன் பூட்டில் இல்லாத வலிமை இது. எனினும், மிகக் கடியன உண்மையிலேயே அரியனவோ என்னும் வினா இங்கும் நிற்கின்றது. ஒரு கருதுகோளை விடுத்து, நன்கு தேர்ந்த மற்றொரு கருதுகோளைப் பற்றியிருக்கின்றோம், அவ்வளவே.

முடிவுரை

கன்மலைமேற் கட்டிய வீடு, மணலின்மேற் கட்டிய வீடு எனச் சுவிசேஷத்தில் இரு வீடுகளைக் கேட்டிருக்கின்றோம். நம் காலத்துப் பூட்டுகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன. அடியில் இருப்பது மலையோ மணலோ அறியோம். பலர் பல்லாண்டு தோண்டிப் பார்த்தும் மணலைக் கண்டிலர் என்பதை மட்டும் அறிவோம். அவ்வறிவு சிறிதன்று. அதனை நம்பிப் பணமும் மடலும் அனுப்புதல் பேதைமையும் அன்று. அதனை மலையெனப் பறைசாற்றுதலே பேதைமை.

நிரூபிக்கப்பட்டது இது, நம்பப்படுவது இது, நம்புதற்குக் காரணம் இது, பொய்ப்பின் வீழ்வன இவை என நான்கையும் பிரித்து எழுதும் வழக்கம் எல்லாக் கலைக்கும் வேண்டுவதே. பரீட்சைத் தாளில் ஓர் உரையாசிரியர் கருத்தை நூலாசிரியர் கருத்தாக எழுதும் நமக்கும் அது வேண்டும். விசுவாசத்தை நிரூபணம் எனக் கூறுவோன் இரண்டிற்கும் இழுக்குத் தேடுகின்றான். விசுவாசத்தை விசுவாசம் எனவே கூறி, அதன்மேல் நின்று தன் கடமையைச் செய்வோனிடத்து நாணத்தக்கது யாதுமில்லை.

இறுதியாக, நம் கல்லூரிக் கணித மாணாக்கர்க்கு ஒரு சொல். கான்பூரில் அவ்வரிய கணக்கை எளிதாக்கிய இருவரும் அன்று உங்களினும் மிக மூத்தவர் அல்லர். லூவனிற் பயன்பட்ட திறவுகோல் கால் நூற்றாண்டு நூல்நிலையத்திற் கிடந்தது. நம் நூல்நிலையத்திலும் எவரும் தொடாத தட்டுகள் பல உள.